வியாழன் மூன்று மணி

"பன்னிரண்டு வருசம்! ஒரே ஆள், ஒரே கதிரை. இது தமிழ்ச் சங்கமோ, இல்லை உங்கடை வீட்டுக் குசினியோ?"

விமலராஜ் எழும்பி நின்று கத்தினான். நாங்கள் கை தட்டினோம்.

நாங்கள் பிழைக்க வந்த இத்தாலித் தீவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம். ஞாயிறு இரவு, சங்கக் கூட்டம். தலைவர் கோபாலசிங்கம் பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

விமலராஜ் விடவில்லை. யூரியூப்பில் கிரேக்க வரலாறு பார்க்கிறவன்.

"இந்தத் தீவிலையும் கிரேக்கர் இருந்தவை. சிராக்கூசாவிலை கொடுங்கோலனைக் கலைச்சுப்போட்டுச் சனமே ஆண்டது. ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கும் முன்னம்! எங்கடை அண்ணைக்கு இன்னும் செய்தி வந்து சேரேல்லை."

ஒரே சிரிப்பு. கோபாலசிங்கமும் சிரித்தார்.

"ஏதென்ஸிலை எப்பிடி?" என்றார்.

"மலையிலை கூடி, சனமே கை உயர்த்தி முடிவெடுத்தது."

"வேலைக்குப் போற சனம்?"

"அதுக்கும் வழி செய்தவங்கள் அண்ணை. வேலையை விட்டிட்டு வந்தால் நட்டமெண்டு, கூட்டத்துக்கு வந்த ஆக்களுக்குக் கூலி குடுத்தவங்கள். அதுதான் சீர்திருத்தம்!"

"நல்ல விசயம்." பல்லுக்குச்சியைப் பொக்கற்றில் போட்டார். "அப்ப தேர்தல் வாற வியாழன். பின்னேரம் மூண்டு மணி."

மண்டபம் கொதித்தது.

"வேலை நாளிலை ஆர் வருவான்? பிரான்காச்சோப் பக்கத்துப் பட்டறையிலை என்ர முதலாளி விடுவானோ?" என்றான் விமலராஜ்.

"ஒருத்தரும் வரக்கூடாதெண்டுதானே வைக்கிறார்!" என்றான் விமலராஜின் ஆள் கீர்த்திகன்.

"கள்ளன்!" இது மறுபடியும் விமலராஜ். உரக்கவே சொன்னான்.

"வாறவை வாங்கோ," என்று விளக்கை அணைத்தார் தலைவர்.

வியாழன் வந்தது. விமலராஜ் முதலாளியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுடைய ஆட்கள் பாதிப் பேர் இல்லை. கோபாலசிங்கத்தின் ஆட்களும் நாலைந்து பேர்தான்.

"ஆக்கள் காணாதெண்டு தேர்தலை நிப்பாட்டிக் கிழவன் கதிரையிலையே இருக்கப்போகுது," என்று முணுமுணுத்தான்.

கதவு திறந்தது. ஒரு பெண். பின்னால் இரண்டு பேர். பிறகு ஒரு படையே வந்தது.

சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய எசமானிகளின், வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்கள். கிழவிகளைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, அங்கேயே படுத்து எழும்புகிறவர்கள். ஞாயிறு லீவு உண்டு, ஆனால் இருட்ட முன் திரும்பிவிட வேண்டும். வியாழன் பின்னேரம்தான் அவர்கள் ஊர் சுற்றும் நேரம். எல்லோரும் சங்க உறுப்பினர்கள். ஒருத்திகூட ஒரு கூட்டம் பார்த்ததில்லை.

கதிரை போதவில்லை.

"இவையும் வோட்டுப் போடுறதோ?" என்றான் விமலராஜ், மெதுவாகத்தான்.

முதலில் உள்ளே வந்த எமிலியானாவுக்குக் கேட்டுவிட்டது. மன்னார்க்காரி, நல்ல காது.

"ஏன் தம்பி, உம்மட ஏதென்ஸிலை பொம்பிளையளுக்கு வோட்டு இல்லையோ?"

இல்லைத்தான்.

"அப்ப நாங்கள் ஏதென்ஸை முந்திட்டம். தலைவர்தான் ஒவ்வொருத்திக்கும் போன் எடுத்து வரச்சொன்னவர். தள்ளி இரும்."

விமலராஜ் தலைவரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார்.

போட்டி இரண்டு பேருக்குள் என்றுதான் நினைத்திருந்தோம். வந்த பெண்களில் துசானி எழும்பி, "எமிலியானா அக்காவும் நிக்கிறா," என்றாள். எமிலியானாவுக்கே அப்போதுதான் தெரியும்.

ஏதென்ஸ் முறைப்படி கை உயர்த்தல். கோபாலசிங்கத்துக்கு நாலைந்து கை. விமலராஜுக்குக் கொஞ்சம் கூட. எமிலியானா என்றதும் மண்டபம் முழுக்கக் கை. எல்லாவற்றிலும் உயரமாய் நின்ற கை, விமலராஜோடு வந்திருந்த அவன் மனைவி அனிற்றாவுடையது.

"உமக்கென்ன, விசரோ?"

"ஜனநாயகம், ஜனநாயகம் எண்டு ஒரு மாதமா என்னை நித்திரைகொள்ள விட்டனீங்களே? இப்ப பாருங்கோ."

புதிய தலைவி முதல் உத்தரவு போட்டாள்.

"ஆம்பிளையள் கதிரையளை அடுக்கிப்போட்டுத்தான் போகவேணும்."

அடுக்கினோம். கோபாலசிங்கம் சீட்டியடித்துக்கொண்டு அடுக்கினார். தோற்ற முகமே இல்லை. விமலராஜ் பக்கத்தில் போய்த் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, கோவத்திலை உங்களைக் கள்ளன் எண்டு பேசிப்போட்டன். மன்னிக்கவேணும்."

"நீ சொன்னதிலை பிழையில்லையடா தம்பி," என்றார் கோபாலசிங்கம். "இவை வந்தால் நான் தோத்துப்போவன் எண்டு தெரிஞ்சுதானே இத்தனை வருசமும் இரவிலை கூட்டம் வைச்சனான்!"