சாவி கொடுப்பவன்

“ரேடியோல ஏழேகால் செய்திக்கு வெச்ச வாட்ச் இது. ஒன்பது அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சுங்கறது. உங்க சுவர்க் கடிகாரம் ஒன்பதுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குங்கறது. நான் எதை நம்பறது?”

பள்ளிக்கூட நிர்வாகக் குழுச் செயலாளர் கல்யாணராமன், தலைமையாசிரியையின் மேஜைக்கு மேல் கையை நீட்டி வாட்சைக் காட்டினார். மணி அடிக்கிற இரும்புக் கம்பியும் கையுமாக வாசலில் நின்ற பியூன் வெள்ளைச்சாமி, கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

சுவர்க் கடிகாரம் பொய்தான் சொல்லியது. சொல்ல வைத்தவன் அவன்.

எல்லாம் இங்கே படிக்கிற ரத்னாவால் வந்தது. அடையாற்றங்கரைக் குடிசைகளைக் காலி பண்ணி, ஜனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். அதற்கப்புறம் அவளும் இன்னும் நாலு பெண்களும் மயிலாப்பூருக்கு பஸ்ஸில்தான் வரவேண்டியதாயிற்று. இருக்கிறது ஒரே பஸ். அது லஸ் முனைக்கு வரும்போதே ஒன்பது தாண்டிவிடும். ஒன்பதுக்கு மணி. மணி அடித்தால் கேட்டுக்குப் பூட்டு. பாதி நாள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் சின்ன வகுப்பு. ரத்னா பதினோராம் வகுப்பு. இன்னும் ஒரு நாள் வராமல் போனாலும் பரீட்சை எழுத முடியாது என்று கிளார்க் சொல்லிவிட்டார்.

வெள்ளைச்சாமி நேரே போய்த் தலைமையாசிரியை ஜெயபாரதியிடம் சொன்னான். படித்தவர்கள் ஏழைக்குச் செய்வதெல்லாம் வாயோடு சரி என்பது அவன் கட்சி. இந்த அம்மா அந்த வாயையும் திறக்க மாட்டார் என்று எதிர்பார்த்தான். அப்படியே ஆயிற்று.

“மணி அடிச்சா கேட்டைப் பூட்டணும். சட்டத்தை நான் மாத்த முடியாது” என்றார். அப்புறம் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, “அதுக்குச் சாவி குடுக்கறது நீதானே?” என்று கேட்டார்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. சரியாகச் சாவி கொடுக்கவில்லை என்று என்மேலேயே சந்தேகம் பாரு என்று முனகிக்கொண்டே வந்தான். அந்தக் கோபத்திலேயே மறுநாள் காலை ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளினான். சாயங்கால மணியும் பத்து நிமிஷம் பிந்தித்தான் அடித்தான். யாருக்கும் பாடம் குறையக் கூடாது பாருங்கள். டீச்சர்கள் ரெண்டொருத்தர் ஏதோ சொன்னார்கள். பழைய கடிகாரம் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாசம் ஓடியது.

இன்று மாட்டிக்கொண்டான்.

கல்யாணராமன் லேசில் விடுகிற ஆள் இல்லை. இவன் மணியை வைத்துக்கொண்டு விளையாடுகிறான், இவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும் என்றார். “அதெல்லாம் அப்புறம். முதல்ல மணியை அடிக்கச் சொல்லுங்கோ. கேட்டைப் பூட்டட்டும். நான் பாத்துண்டு நிக்கறேன்.”

வெள்ளைச்சாமி தெருப்பக்கம் பார்த்தான். பஸ்ஸில் வருகிற பெண்களைக் காணோம். வேலை போனால் போகிறது. இப்போது கம்பியை ஓங்கினால் ரத்னாவின் வருஷம் போயிற்று.

ஜெயபாரதி அவசரப்படவில்லை. புடவைத் தலைப்பை ஒதுக்கி, இடது கையைக் கல்யாணராமன் பக்கம் திருப்பினார்.

“என் வாட்சையும் பாருங்க சார். ஒன்பதுக்கு நாலு நிமிஷம்.”

கல்யாணராமன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

“எங்காத்து ரேடியோதான் சரியில்லையோ என்னமோ” என்றவர், தன் வாட்சைப் பத்து நிமிஷம் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அம்மாவின் வாட்சும் கெட்டுக் கிடந்ததே, நம் நல்ல காலம் என்று நினைத்தபடி வெள்ளைச்சாமி மணி தொங்கும் மரத்தடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரும் ஓடி வந்தார்கள்.

“இன்னா தாத்தா, மணி அட்ச்சிட்டியா?” என்றாள் ரத்னா, மூச்சு வாங்க.

“இன்னும் இல்லை. உள்ளே ஓடு.”

தொங்கிய தண்டவாளத் துண்டில் ஒன்பது அடி அடித்தான். கேட்டைப் பூட்டினான். திரும்பி வந்தபோது அம்மா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டான்: “உங்க வாட்ச் மெதுவா ஓடுதும்மா. குடுங்க, லஸ்ஸுல ரிப்பேர் பண்ணி வாங்கியாரேன்.”

“அது நல்லாத்தான் ஓடுது. மூணு மாசமா தினம் காலையில வந்ததும், உன் கடிகாரத்தைப் பாத்து நான்தான் திருப்பி வெச்சுக்கறேன்” என்றார் ஜெயபாரதி, தலை நிமிராமல். “நாளையிலேருந்து பன்னண்டு நிமிஷமாத் தள்ளிடு, வெள்ளைச்சாமி. பொண்ணுங்க ரெண்டு நாளா மூச்சு வாங்க ஓடி வர்றாங்க.”