நீந்துமா, மிதக்குமா

கணினி வழக்கம்போல அந்தக் கேள்வியைக் கேட்டது. தானே நீந்துமா? நீரோடு மிதந்து போகுமா?

நண்டுக் குஞ்சுகளுக்காக அவள் எழுதிய புரோகிராம் அது. கடலில் பொரிக்கும் பொடிக் குஞ்சுகள் எந்த நீரோட்டத்தில் ஏறி எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சொல்லிவிடும். ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள்மேல் மரியாதை. கூட வேலை பார்த்த கணவன் மட்டும் நண்டு ஜோசியக்காரி என்றுதான் கூப்பிடுவான்.

இப்போது அவள் தேடுவது அவனைத்தான்.

குஞ்சுகளை வலையில் அள்ளப் போன படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இருவரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவனுடைய லைஃப் ஜாக்கெட் மட்டும் தனியாக ஒதுங்கியது. தூங்கும்போதுகூடப் போட்டுக்கொள்வான் என்று கிண்டல் செய்வார்களே, அந்த ஜாக்கெட். அன்றைக்குப் பார்த்து எதற்குக் கழற்றினானோ, பாவி.

கவிழ்ந்த இடத்தைச் சல்லடை போட்டுத் தேடிக் களைத்த பிறகுதான் மீட்புப் படகுக்காரர்கள் இவளிடம் வந்தார்கள்.

நேற்று அவள் 'நீந்தும்' என்பதைத் தட்டினாள். திரையில் இருந்த வரைபடத்தில் புள்ளி வடக்கே பாறைத் தீவுகளைக் காட்டியது. படகுகள் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பின. இன்று காலையிலும் அதையே தட்டினாள்.

வேறு என்ன செய்வாள்? பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தாள். என் பிள்ளை நீந்தி எங்கேயாவது ஏறியிருப்பான் என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மகன் கடல் வேலைக்குப் போகிறேன் என்றபோது, நீச்சல் தெரியாமல் போகவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். அவனும் நல்ல பிள்ளையாக நீச்சல் வகுப்புக்குப் போனான். அதாவது, தோளில் பையோடு வீட்டைவிட்டுப் போவான், தலையும் துணியும் நனைந்து திரும்பி வருவான். நடுவில் இருந்தது டீக்கடையும் அதன் வாசல் குழாயும்தான்.

கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று இவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அன்று அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

போனில் மீட்புப் படகின் கேப்டன் காத்திருந்தார். நாளை புயல்காற்று என்கிறார்கள். இருட்டுவதற்குள் ஒரே ஒரு இடத்துக்குப் போய்வரலாம், அதோடு சரி.

'மிதக்கும்' என்று தட்டினால் புள்ளி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். தெற்கே, அலையாத்திக் காடு. குஞ்சுகளெல்லாம் போய்ச் சேரும் இடம். ஆனால் தட்டிய அந்த நொடியே பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு மகன் செத்துப்போவான். அதுவரை அவளாவது நிம்மதியாக இருக்கட்டுமே. இவளுக்கோ ஓவென்று அழக்கூட வழியில்லை.

விரல் மறுபடியும் 'நீந்தும்' பக்கமே போனது.

மாமியார் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அவன் நீச்சல் உடுப்பைத் துவைச்சது நான்தாம்மா. ஒருநாள்கூட அதுல குளோரின் வாசம் வந்ததில்ல. நீ தாங்கமாட்டியேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கேப்டன் போனில் ஹலோ, ஹலோ என்றார்.

"மத்ததைப் போடு. தண்ணின்னா அவனுக்குப் பயம்மா. இன்னொரு ராத்திரி அவனை அங்க விட்டுடாதே."