மூன்றாவது டெமோ

"மறுபடியும் அந்த வீடா?" அலுத்துக்கொண்டாள் டெமோ காட்டும் பெண்.

மைக்ரோவேவ் வாங்கியவர்கள் வீட்டுக்கு ஒரு தடவை போய்ச் சொல்லிக்கொடுத்தால் போதும். இந்த வீட்டுக்கு இது மூன்றாவது தடவை.

"அந்தம்மாவுக்கு இன்னும் புரியலையாம். உன்னைத்தான் அனுப்பச் சொல்றாங்க" என்றார் கடை மேனேஜர்.

கதவைத் திறந்த அம்மாள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "வாம்மா. கோவிச்சுக்காத. என் மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

"என்னைக்கு ஏறியிருக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அது அவர் கணவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பேப்பரை மடித்துவிட்டு, சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போன இரண்டு தடவையும் அதே இடம்தான். காப்பி அடிப்பவனைப் பிடிக்க வந்தவர் மாதிரி ஒரு பார்வை வேறு.

"அம்மா, இன்னைக்கு நீங்களே செய்ங்க. முதல்ல பால்" என்றாள் பெண்.

அம்மாள் கப்பில் பாலை ஊற்றி, கலக்கிய ஸ்பூனோடு உள்ளே வைத்தார்.

"ஸ்பூனை எடு!" அலறினார் கணவர். "இரும்பு, எவர்சில்வர் எதுவும் உள்ள போகக்கூடாதுன்னு இவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கள்ல? பொறி பறக்கும்!"

"மறந்தே போச்சுங்க. எத்தனை நிமிஷம் வைக்கணும்?"

"ஒரு கப்புக்கு ஒரு நிமிஷம். இதை எத்தனை தடவைதான் கேப்ப?"

அடுத்தது ஃப்ரிட்ஜில் இருந்த சாதம். அம்மாள் டப்பாவை அழுத்தி மூடினார்.

"மூடியைத் தளர்த்து! ஆவி எங்க போகும்? அதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளி. இல்லன்னா காஞ்சு கட்டையாயிடும்."

"முட்டையை ஓட்டோடயே வைக்கலாமாங்க?"

"வெடிக்கும்டி! மக்கு, மக்கு! தள்ளு, நான் காட்டறேன்."

எழுந்தே விட்டார். தண்ணீர் தெளித்தார், மூடியைத் தளர்த்தி வைத்தார், இரண்டு நிமிடம் என்று பொத்தானை அழுத்தினார். பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு மறுபடி வைத்தார். துணியால் பிடித்துச் சூடான டப்பாவை வெளியே எடுத்தார். ஒரு தப்புக்கூட இல்லை.

"இவ்வளவுதான். அஞ்சாங்கிளாஸ் பையன் செஞ்சிடுவான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரெல்லாம் ஒரு மனுஷனா?

வாசலில் செருப்பை மாட்டும்போது அவளால் அடக்க முடியவில்லை. "வெளியாள் முன்னாடி இப்படித் திட்டறாரே! எப்படிம்மா பொறுத்துக்கிறீங்க?"

"அதை விடும்மா. இனிமே உன்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"ஒருவழியா புரிஞ்சிடுச்சா?"

"எனக்கு முதல் நாளே புரிஞ்சிடுச்சு."

பெண் நிமிர்ந்தாள். அம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும். அவர்கிட்ட சின்ன ஆபரேஷன்னுதான் சொல்லியிருக்கேன். டாக்டர் என்கிட்ட அப்படிச் சொல்லல. திரும்பி வந்தா பார்க்கலாம்."

பெண் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாள் அருகில் வந்தாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு டம்ளர் தண்ணிகூட அவரா எடுத்துக் குடிச்சதில்ல. கத்துக்கோங்கன்னு சொன்னா, சாகற வரைக்கும் கத்துக்க மாட்டார். யாருக்காவது சொல்லிக்கொடுக்கணும்னாதான் தானும் கத்துக்குவார்." அம்மாள் அவள் கையை மெல்லத் தட்டினார். "அதுக்கு ஒரு மக்கு வேணும்ல?"