பௌர்ணமிக்கு ஏறும் விடுப்பு

ஒரு கறையான் புற்றில், பௌர்ணமிதோறும் மாதச் சம்பளமாக மரத்தூள் அளப்பார்கள். கூடவே ஒரு நாள் விடுப்பும் அவரவர் கணக்கில் ஏறும்.

பௌர்ணமிக்கு முன்பே மழை வந்துவிட்டது. வேலைக்காரக் கறையான் செவந்தி கணக்கரிடம் ஓடினாள்.

"ஐயா, என் தம்பி ஈசலாகிவிட்டான். இன்று சாயங்காலம் பறக்கிறான். வழியனுப்ப விடுப்பு வேண்டும்."

"உன் கணக்கில்தான் ஒன்றும் இல்லையே?"

"போன மாதத்து விடுப்பை அவன் நோவாகக் கிடந்தபோது எடுத்துவிட்டேன். வரப்போவதில் கழித்துக்கொள்ளுங்கள்."

"சம்பளத்தோடுதான் ஏறும். உனக்கு முன்கூட்டியே கொடுத்தால் புற்றே என் தலையில் ஏறி உட்காரும். தம்பி எங்கே போய்விடப் போகிறான்?"

செவந்தி மண் சுமக்கப் போனாள். ஈசல்கள் பறந்தன. விடிவதற்குள் எல்லாம் செத்துப்போயின.

பௌர்ணமியன்று கணக்கர் அவளைக் கூப்பிட்டார். "சொன்னபடி ஏற்றிவிட்டேன். எப்போது எடுக்கிறாய்?"

"எனக்கு வேண்டாம் ஐயா. அடுத்த மழைக்கு வடக்கு அறையிலிருந்து ஒருவன் பறப்பான். அவன் அக்கா கணக்கில் போடுங்கள்."

கணக்கர் விதியைச் சொல்ல வாய் திறந்தார். பிறகு, "அவள் பெயர் என்ன?" என்று கேட்டார்.