எதிர்வீட்டு மகள்

பெற்ற மகளே கவனித்துக்கொண்டால் அது நாட்டின் மருத்துவச் செலவுக் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோயாளிக்கு அரசு மருந்தும் வராது. அதனால் பூரணியும் எதிர்வீட்டு ரெஜினாவும் படுத்த படுக்கையாகக் கிடந்த தங்கள் அம்மாக்களை மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டில் மற்றவள் சம்பளத்துக்கு நர்ஸ்.

"எங்கம்மாவுக்குக் கஞ்சியில உப்பைக் குறைடி."

"நீ மொதல்ல எங்கம்மாவ ஏசாம பாத்துக்க!"

அன்று ரெஜினாவின் அம்மாவுக்குப் பூரணி தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரெஜினா வாசலில் வந்து நின்றாள்.

"உங்கம்மா போயிட்டாங்க, பூரணி."

"என்னையக் கேட்டாளா?"

"உன் பேரத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

"எதிர்லதானடி இருந்தேன்! ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"வேலை நேரத்துல நீ எந்திரிச்சு பெத்த அம்மாகிட்ட வந்தா, கணக்கு கெட்டு ரெண்டு பேருக்கும் மருந்து நின்னுருமேன்னு பயந்துட்டேன். நான்தான் கையப் பிடிச்சு, 'பூரணி வந்துட்டேம்மா'ன்னேன். கண்ணு மங்கல்தானே, நம்பிட்டாங்க."

பாதி பின்னிய நரைமுடி பூரணியின் கையிலேயே இருந்தது.