கவுன்ட்டருக்கு வர வேண்டாம்

"இந்த வாரம் படிக்க வேண்டிய புத்தகங்களோட லிஸ்ட் எங்க இருக்குங்க? நேத்துதான் காட்டுனீங்க, மறுபடியும் தொலைச்சுட்டேன்."

கல்லூரி நூலகக் கவுன்ட்டரில் போனை நீட்டியபடி நின்றாள் பச்சைப் பை. பெயர் கேட்கத் தைரியம் வராததால், உதவி நூலகன் மனதுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அது. யாரோ முதுகலை மாணவி என்பது அவன் நினைப்பு.

நூலகத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் பட்டியலைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. துறையைத் தட்டி, பாடத்தைத் தட்டி, ஆசிரியர் பெயரைத் தட்டினால், கடைசியில் ஒரு மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ஒளிந்திருக்கும். அவன் தினமும் சளைக்காமல் காட்டிக்கொடுப்பான். இப்படியொரு பக்கத்தை வடிவமைத்த புண்ணியவானுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடும் போடுவான்.

அந்தச் சந்தோஷத்துக்குத் தலைமை நூலகர் வேட்டு வைத்தார்.

"வெளியாள் ஒருத்தரை வெச்சு நம்ம பக்கத்தைச் சோதிச்சுப் பார்த்தேன்ப்பா. ரிப்போர்ட் போன மாசமே வந்தாச்சு, படிச்சா மானம் போகுது. நீயே எல்லாத்தையும் சரி பண்ணு. இனிமே லிஸ்ட் தேடி ஒருத்தரும் கவுன்ட்டருக்கு வரக் கூடாது."

ஒருத்தரும் என்றால் பச்சைப் பையும்தான். அரைகுறையாகச் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தான். கை கேட்கவில்லை. முகப்பிலேயே தேடும் கட்டம், வாரம் வாரியாகப் பட்டியல், கட்டாயம் படிக்க வேண்டியவை மேலே என்று, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு வேலையை அழகாக முடித்தான்.

புதுப் பக்கம் வந்த அன்று கவுன்ட்டர் காற்று வாங்கியது. தலைமை நூலகர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவனுக்கு அழாத குறை.

மூடும் நேரத்தில் பச்சைப் பை வந்து நின்றாள். அவனுக்குப் போன உயிர் திரும்பியது.

"லிஸ்ட் கிடைக்கலையா?" என்றான் ஆசையாக.

"ஒரே தட்டுல கிடைச்சுது. நான் சொன்ன குறை ஒண்ணு விடாம சரி பண்ணியிருக்கீங்க."

"நீங்க சொன்னதா?"

"உங்க பக்கத்தைச் சோதிச்சு ரிப்போர்ட் எழுதினது நான்தாங்க."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இத்தனை நாள் வந்ததெல்லாம் வேலைக்காகத்தானா? ஏமாற்றத்தை விழுங்கியபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது.

"ஆனா, அந்த ரிப்போர்ட் போன மாசமே வந்துடுச்சே?"

"ஆமா," என்றாள் அவள், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "அதைக் குடுத்துட்டு வெளிய போகும்போதுதான் உங்களை முதல் தடவையா பார்த்தேன்."