வெர்னாவின் இருமல்

வெர்னா தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டாள். இருமல் தயாராக இருந்தது.

கீழே ஊற்றோடையில் முழங்கால் ஆழத்தில் அவள் கணவன் ஹார்லன் நின்றிருந்தான். அந்தத் தோரணையைப் பார்த்தால் பார்வை மங்கிய எழுபத்து நாலு வயதுக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனும் இதுவரை சொன்னதில்லை.

எதிரே அந்தப் பெரிய டிரவுட் மீன் காலை உணவில் மும்முரமாக இருந்தது.

ஓடைக்கீரைக்குள் மூக்கை நுழைத்து ஓர் உலுக்கு. கீரைப்பூச்சிகள் உதிரும். பூச்சி என்பது பேருக்குத்தான், இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். மீன் நாலடி பின்வாங்கி, மிதந்து வருவதை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும்.

அந்தக் கூட்டத்தோடு ஹார்லனின் போலிப் பூச்சியும் வரும். நீரெலி ரோமத்தைக் கொக்கியில் சுற்றிச் செய்தது. எங்கே எறிவது என்பது அவன் கைக்குத் தெரியும். மீன் வாயைத் திறக்கும்போது உள்ளே ஒரு வெள்ளை மின்னும். அந்த நொடியில் தூண்டிலைச் சுண்ட வேண்டும். அடுத்த நொடியில் துப்பிவிடும்.

நூலில் தக்கை கட்டினால் சுலபம், மீன் கவ்வியதும் அது அமிழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அதன் பிறகு இந்த ஓடையில் ஒருத்தனும் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

ஆகவே அந்த வெள்ளை மின்னும்போது கரையிலிருந்து வெர்னா இருமுவாள்.

முதலில் "இப்ப!" என்று கத்தித்தான் பார்த்தாள். மீன் கிடைத்தது. ஹார்லன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகுதான் இருமல். போன வருடம் ஏழு மீன். எல்லாம் அனுபவம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். திரியட்டும். குளிர்காலம் முழுக்க அவனை வீட்டில் வைத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும், அவன் ஓடையில் நிற்பதன் அருமை.

இந்த வருடம் அவள் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். மூன்று வாரமும் ஒரு மீன் இல்லை. நேற்று ஹார்லன் தன் நண்பன் எல்வுட்டைக் கூப்பிட்டு, "நாளைக்கும் ஒண்ணும் மாட்டலன்னா இந்த மூங்கில் தூண்டில நீயே எடுத்துட்டுப் போயிருடா" என்று சொல்லிவிட்டான்.

எல்வுட் விடியும்போதே வந்து, கரையில் வெர்னா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளை மின்னியது.

வெர்னாவின் வாய் நிறையக் காபி. விழுங்கி இருமுவதற்குள் மீன் துப்பிவிட்டுக் கீரைக்குத் திரும்பியது. ஹார்லன் காற்றைச் சுண்டினான்.

எல்வுட்டுக்கு மனசு கேட்கவில்லை. "என்னம்மா, போன வருஷத்து இருமல் இன்னும் விடலயா?" என்று பையைத் துழாவி ஒரு இருமல் மிட்டாயை உரித்தான். "இதப் போட்டுக்க. அஞ்சு நிமிஷத்துல அடங்கிரும்."

"எல்வுட்!" ஹார்லன் திரும்பவே இல்லை. "அந்தக் கருமத்த உள்ள வைடா. அவ இருமல நிறுத்திட்டா நான் எப்படி மீன் பிடிக்கிறது?"

வெர்னா அவன் முதுகையே பார்த்தாள். ஏழு மீன்! ஏழுக்கும் ஒன்றும் தெரியாதவன் போல முகத்தை எப்படி வைத்திருந்தான், கள்ளன்.

மீன் பின்வாங்கி வந்தது. வாய் திறந்தது.

பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி இருமினாள்.

மூங்கில் வளைந்தது.